குடா வந்து நாற்காலியில் உட்கார்ந்தது!

"மாமா! ஒரு குடா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சுருட்டுப் பிடிக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் காப்பி முடிந்து இரண்டாவது காப்பி வருகிறதா என்று நான் சமையலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரம். கேட்டவள் என் அக்காள் மகள். பட்டப் படிப்பை முடித்துவிட்டு மேல்படிப்புக்காக டில்லிக்குப் புறப்பட இருக்கிறாள். பெட்டியில் துணிமணி அடுக்க வேண்டியவள், தாத்தாவின் பழைய அலமாரியைக் கிளறி, அட்டை போன ஆங்கில நகைச்சுவை நாவல் ஒன்றைக் கண்டெடுத்து, அதோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தக் குடா, அம்மா? வங்காள விரிகுடாவா?" என்றேன்.

"விளையாடாதீர்கள், மாமா! கதையில் ஒரு 'கோவ்' வருகிறது. வந்து, உட்கார்ந்து, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, கடன் கேட்கிறது. அகராதியைப் புரட்டினேன். 'கோவ்' என்றால் காற்றுக்கும் அலைக்கும் மறைவாக உள்ள சிறு குடா என்று போட்டிருக்கிறது. குடா எதற்குக் கடன் கேட்கவேண்டும்?"

"பெட்டி கட்டியாயிற்றா?" என்று சமையலறையிலிருந்து அக்காளின் குரல் வந்தது. நாங்கள் இருவரும் காது கேட்காதவர்களைப் போல் இருந்துவிட்டோம்.

பத்திரிகை ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு இது ஒரு நிரந்தரச் சங்கடம். வீட்டில் யாருக்கு எந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் அவன் தலையில்தான் வந்து விடியும். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டேன். மறுநாள் ஆபீஸில் பெரிய அகராதிகளைப் புரட்டத் தொடங்கியவன், பொழுது சாய்ந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றே ஒலி கொண்ட இந்தப் பொடிச் சொல், அடுப்பங்கரை ஓரத்தில் பிறந்து, கடற்கரைக்குப் போய், மலை ஏறி, கள்ளக்கடத்தல் செய்து, நாடு கடத்தப்பட்டவர்களோடு கப்பல் ஏறி, கடைசியில் ஒரு ஊர் முழுவதையும் அழவைத்த சரித்திரம் அதில் இருந்தது. அக்காள் மகளுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பிறந்தது வீட்டுக்குள்ளே

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தில் பேசிய ஆங்கிலத்தை இன்று ஓர் ஆங்கிலேயரின் முன் வைத்தால் அவரும் நம்மைப் போலவே விழிப்பார். அந்தப் பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை 'கோஃபா' என்று எழுதினார்கள். 'கோவா' என்று உச்சரித்தார்கள். முந்திரிக்கும் மாதா கோயில்களுக்கும் பெயர் போன நமது கோவாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'கோவா' என்றால் சிறிய அறை. சாமான் போட்டு வைக்கும் உள் அறை, படுக்கும் அறை, துறவியின் தனி அறை எல்லாமே 'கோவா'தான். கடல் என்ற பேச்சே அதில் கிடையாது.

இதன் உறவினர்கள் மற்ற நாடுகளிலும் இருக்கிறார்கள். பழைய நார்வேக்காரர்களின் மொழியில் 'கோஃபி' என்றால் குடிசை. ஜெர்மன் மொழியில் 'கோபன்' என்றால் பன்றித் தொழுவம்! ஒரே குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளில் ஒருவன் துறவியாகிறான், ஒருவன் பன்றி மேய்க்கிறான். சொற்களுக்கும் தலையெழுத்து உண்டு.

ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலப் புலவர்கள் இந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைத்த இடந்தான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அவர்கள் இரண்டு சொற்களை முடிச்சுப் போட்டுப் புதுச் சொல் செய்வதில் வல்லவர்கள். உடம்பை 'எலும்பு அறை' என்றார்கள். மனத்தை 'மார்பு அறை' என்றார்கள். எண்ணங்களைப் பூட்டி வைக்கும் நெஞ்சை 'செல்வ அறை' என்றும் சொன்னார்கள். அந்த 'அறை' ஒவ்வொன்றும் நமது 'கோவா'வே. உள்ளே இருப்பதால் நாம் 'உள்ளம்' என்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே நினைப்பு, வேறு ஒரு தேசத்தில், வேறு ஒரு பாஷையில்!

வாசலைத் தாண்டிய அறை

வீட்டுக்குள் இருந்த அறை எப்படிக் கடலுக்குப் போயிற்று?

இங்கிலாந்தின் வட பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் மலைப் பாறையில் உள்ள பொந்தையும் குகையையும் மக்கள் 'கோவ்' என்று சொல்லத் தொடங்கினார்கள். மனிதன் கட்டாத அறை. இயற்கை குடைந்த அறை. அங்கிருந்து கடற்கரைக்கு ஓர் எட்டுத்தான். பாறைக் கரை உட்புறம் வளைந்து, இரு பக்கமும் சுவர் போல நின்று, நடுவில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தால் அதுவும் ஓர் அறை மாதிரிதானே? 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் 'கோவ்' என்றால் சிறு குடா என்ற அர்த்தம் நிலைத்துவிட்டது. 'பே' என்பது பெரிய கூடம். வங்காள விரிகுடாவைப் போல நாடுகளே அதன் சுவர்களாக நிற்கும். 'கோவ்' அந்த வீட்டின் சின்ன அறை. பத்துப் படகு நுழைந்தால் பதினோராவது படகுக்குக் கொஞ்சம் யோசனைதான்.

கடல் இப்படி ஓர் அறையைக் கட்டுவது எப்படி என்று பார்க்க விரும்புகிறவர்கள் இங்கிலாந்தின் தென் கரையில் டார்ஸெட் மாவட்டத்துக்குப் போகிறார்கள். அங்கே 'லல்வொர்த் கோவ்' என்று ஓர் இடம். அந்தக் கரையில் கற்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. கடலை ஒட்டி முன்வரிசையில் கடினமான சுண்ணாம்புப் பாறை. அதற்குப் பின்னால் மெத்தென்ற களிமண்ணும் மணலும். அதற்கும் பின்னால் வெள்ளைச் சீமைச்சுண்ணாம்புக் குன்று. முன்வரிசைப் பாறையில் எங்கேயோ ஒரு பலவீனமான இடம்; அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது. புகுந்த கடலுக்குக் களிமண் அகப்பட்டால் கேட்க வேண்டுமா? இடமும் வலமும் அரித்துக்கொண்டே போய், பின்னால் உள்ள குன்று வந்ததும் வேகம் குறைந்தது. வாய் குறுகி, வயிறு பருத்து, பானையைப் படுக்கவைத்தாற்போல் ஒரு குடா உண்டாகிவிட்டது. குறுகிய வாய்க்குள் நுழையும் அலை, உள்ளே வந்ததும் விசிறி போல் விரிந்து சக்தி இழந்துவிடுகிறது. அதனால்தான் வெளியே கடல் கொந்தளிக்கும்போதும் உள்ளே படகுகள் அமைதியாக நிற்கின்றன.

இது நடந்தது ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி என்கிறார்கள். பக்கத்திலேயே 'ஸ்டேர் ஹோல்' என்ற இடத்தில் அதே வேலை இப்போது ஆரம்பக் கட்டத்தில் நடக்கிறது. முன்பாறையில் துளைகள் விழுந்துவிட்டன, களிமண் சரிந்துகொண்டிருக்கிறது. தாய்க்கு அருகில் குழந்தை! இந்தக் கரை முழுவதையும் 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

கடலில் குளித்த சொல் பிறகு மலை ஏறியது இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் குடியேறியவர்கள் அப்பலாச்சிய மலைகளில், நாலாபுறமும் குன்றுகள் சூழ்ந்த சிறு பள்ளத்தாக்கைக் கண்டார்கள். காற்றுக்கு மறைவு, நல்ல மண், ஓடைத் தண்ணீர். அதற்கும் 'கோவ்' என்றே பெயர் வைத்தார்கள். டென்னஸி மாநிலத்தில் உள்ள 'கேட்ஸ் கோவ்' அப்படிப்பட்டது. கடலுக்கும் அதற்கும் பல நூறு மைல் தூரம். மறைவும் பாதுகாப்பும் இருந்தால் போதும், தண்ணீர் இல்லாவிட்டாலும் குடாவே என்று அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள்!

கடன் கேட்ட குடா

"எல்லாம் சரி, மாமா. சுருட்டுப் பிடித்தவன் யார்?"

அவன் வேறு வீட்டுப் பிள்ளை. உருவமும் ஒலியும் ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டு 'கோவ்'களுக்கும் ரத்த உறவு கிடையாது. இரண்டாவது 'கோவ்' என்றால் 'ஆள்', 'பேர்வழி', 'ஆசாமி'. இது திருடர்களும் நாடோடிகளும் தங்களுக்குள் பேசிய ரகசியப் பாஷையிலிருந்து வந்தது. 1567இல் தாமஸ் ஹார்மன் என்பவர், ஊர் சுற்றும் ஏமாற்றுக்காரர்களைப் பற்றி ஜனங்களை எச்சரித்துப் புத்தகம் ஒன்று வெளியிட்டார். அதில் அவர்களுடைய சங்கேதச் சொற்களுக்கு அர்த்தமும் கொடுத்தார். அந்தப் பட்டியலில் நமது பேர்வழி அகப்பட்டுக்கொண்டார்.

அவர் எங்கிருந்து வந்தார்? ஸ்காட்லாந்தில் தெருத் தெருவாகச் சாமான் விற்பவனைக் குறித்த ஒரு பழஞ்சொல்லிலிருந்து வந்தார் என்று சிலர் கருதுகிறார்கள். வேறு சிலரோ, ஜிப்ஸிகள் என்று ஐரோப்பியர் அழைத்த ரோமா மக்களின் பாஷையில் 'அது', 'அந்த ஆள்' என்ற பொருளில் வழங்கும் 'கோவா' என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். ரோமா மக்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள். அவர்கள் பாஷை ஹிந்திக்கும் பஞ்சாபிக்கும் உறவு. இந்த இரண்டாவது ஊகம் சரியானால், நாவலில் கடன் கேட்ட அந்த ஆங்கிலக் கனவானின் பட்டப் பெயர் நம் பக்கத்திலிருந்து கால்நடையாகப் போனது!

சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில், லண்டனுக்கு வரும் அனாதைப் பையனை ஜேப்படிக்காரச் சிறுவன் இந்தச் சொல்லைச் செல்லமாக மாற்றித்தான் கூப்பிடுகிறான். பிறகு பி.ஜி. உட்ஹவுஸின் கதைகளில் வேலைவெட்டி இல்லாத சீமான் வீட்டுப் பிள்ளைகள் அதே சொல்லைச் சர்வ சாதாரணமாகப் பயன்படுத்தினார்கள். திருடன் வாயிலிருந்து சீமான் வாய்க்கு வர ஒரு சொல்லுக்கு நானூறு வருஷங்கூடத் தேவைப்படவில்லை.

ஒலியை வைத்து உறவு கொண்டாடக் கூடாது என்பதற்கு இன்னும் இரண்டு சாட்சிகள். குகை என்று அர்த்தமுள்ள 'கேவ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் 'கோவ்' என்பதன் உடன்பிறப்பு என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் அது லத்தீனிலிருந்து வந்தது. அறைக்குள் உள்ள மாடத்தை 'ஆல்கோவ்' என்கிறார்கள். அது அரபு பாஷையில் கவிகை மாடத்தைக் குறிக்கும் 'அல்-குப்பா' என்ற சொல் ஸ்பெயின், பிரான்ஸ் வழியாக வந்து சேர்ந்தது. ஒரே ஜாடை, வேறு வேறு கோத்திரம்.

தேயிலை ராஜா

மறைவான இடம் என்றால் நல்லவர்கள் மட்டுமா வருவார்கள்? காற்றுக்கு மறைவு, சுங்கக்காரனுக்கும் மறைவுதானே!

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தேயிலைக்கு அநியாய வரி. வரி, சரக்கின் விலையையே தாண்டி நின்றது. ஆகவே பிரான்ஸிலிருந்து தேயிலையும் பிராந்தியும் இரவு நேரத்தில் கார்ன்வால் கரையின் குடாக்களில் வந்து இறங்கின. 1784இல் தேயிலை வரியை நூற்றுக்கு 119 என்ற விகிதத்திலிருந்து பன்னிரண்டரைக்குக் குறைத்த பிறகுதான் தேயிலைக் கடத்தல் படுத்தது.

அந்தத் தொழிலில் பெயர் பெற்றவர் ஜான் கார்ட்டர். அவருக்குப் 'பிரஷ்யா ராஜா' என்று பட்டம். அவர் தொழில் நடத்திய குடாவுக்கே 'பிரஷ்யா கோவ்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒருநாள் அவர் வீட்டில் இல்லாத சமயம் அதிகாரிகள் வந்து சரக்கை வாரிக்கொண்டு போய்ப் பென்ஸான்ஸ் ஊர்ச் சுங்கச் சாவடியில் பூட்டிவிட்டார்கள். கார்ட்டரோ குறித்த நாளில் சரக்குத் தருவதாக வாடிக்கைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறலாமா? இரவோடு இரவாகச் சாவடியை உடைத்துச் சரக்கைத் திருப்பி எடுத்து வந்தார். மறுநாள் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கார்ட்டருடைய சரக்கைத் தவிர வேறொரு துரும்பும் போகவில்லை. "இது கார்ட்டர் வேலைதான், அவன் யோக்கியன், பிறர் பொருளைத் தொடமாட்டான்" என்றார்களாம்!

இதைக் கேட்டு அக்காள் மகள் வெகு நேரம் சிரித்தாள். அக்காள்கூடச் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

ஒருவர் தஞ்சம், மற்றவர் நஷ்டம்

1788ஆம் வருஷம் ஜனவரி மாதம் 11 பிரிட்டிஷ் கப்பல்கள் ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரைக்கு வந்தன. அவற்றில் எழுநூறுக்கு மேற்பட்ட கைதிகள். தலைவர் ஆர்தர் ஃபிலிப். முதலில் இறங்கிய இடத்தில் நல்ல தண்ணீர் போதவில்லை. அவர் படகில் வடக்கே போய்த் தேடினார். ஒரு சிறு குடா. கரையை ஒட்டியே கப்பலை நிறுத்தும்படி ஆழம். குடிக்கத் தெளிந்த ஓடை. ஜனவரி 26இல் அங்கே கொடி ஏறிற்று. உள்நாட்டு மந்திரியாக இருந்த ஸிட்னி பிரபுவின் பெயரால் அதற்கு 'ஸிட்னி கோவ்' என்று பெயரிட்டார் ஃபிலிப். ஸிட்னி மாநகரம் பிறந்தது அப்படித்தான்.

ஆனால் அந்தக் குடாவுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அதன் கரையில் வாழ்ந்த கடிகல் மக்கள் அதை 'வாரான்' என்றார்கள். புதிதாக வந்தவர்களுக்குத் தஞ்சமான அந்த அறை இவர்களுடைய வீடு. அடுத்த ஆண்டு, 1789இல், பெரியம்மை அந்த மக்களை வாரிக்கொண்டு போயிற்று. தெளிந்த ஓடையும் நகரத்தின் குப்பையால் கெட்டு, 1826இல் குடிதண்ணீருக்கு உதவாது என்று கைவிடப்பட்டது. இப்போது அந்தக் கரையில் படகுத்துறை இருக்கிறது. பக்கத்து முனையில் உலகப் புகழ் பெற்ற ஆப்பரா மண்டபம் நிற்கிறது.

இங்கேதான் இரண்டு 'கோவ்'களும் சந்தித்தன. ஸிட்னிக்கு வந்த கைதிகள் தங்கள் ரகசியப் பாஷையையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற கைதி 1812இல் அந்தப் பாஷைக்கு ஓர் அகராதியே எழுதினார். அதில் 'கோவ்' என்றால் வீட்டின் அல்லது கடையின் எஜமான். குடாவில் வந்து இறங்கிய கைதிகள் தங்கள் எஜமானையும் குடா என்றே அழைத்தார்கள்!

இரண்டு முறை பெயர் மாறிய ஊர்

1791இல் அயர்லாந்திலிருந்து நேராக ஸிட்னிக்கு முதல் கைதிக் கப்பல் புறப்பட்டது. அது கிளம்பிய துறைக்கு என்ன பெயர் தெரியுமா? 'கோவ்'. கார்க் நகரத்துக்கு வெளியே, பெரிய துறைமுகத்துக்குள் ஒரு தீவில் அமைந்த ஊர். வேறு அடைமொழி கிடையாது. ஊரின் பெயரே அவ்வளவுதான்.

1849இல் விக்டோரியா மகாராணி அங்கே வந்து இறங்கினார். உடனே ஊருக்குக் 'குவீன்ஸ்டவுன்', அதாவது ராணிப்பட்டணம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ராணி வந்த சமயம் அயர்லாந்து இருந்த நிலைமை பயங்கரமானது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அதையே நம்பியிருந்த ஏழைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். மேலும் பத்து லட்சத்துக்குக் குறையாமல் கப்பல் ஏறினார்கள். பஞ்சம் தீர்ந்த பிறகும் கப்பல் ஏறுவது நிற்கவில்லை. 1848 முதல் 1950 வரையில் அயர்லாந்தை விட்டுப் போனவர்கள் சுமார் 60 லட்சம் என்றும், அவர்களில் 25 லட்சம் பேர் இந்த ஒரு துறையின் வழியாகப் போனார்கள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த நாட்டுக் கிராமங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. யாராவது இறந்தால் உற்றார் உறவினர் கூடி இரவெல்லாம் கண் விழித்து உடலின் அருகில் இருப்பார்கள். மகனோ மகளோ அமெரிக்காவுக்குப் புறப்படும் முதல் நாள் இரவும் அதே மாதிரி கூடி உட்கார்ந்தார்கள். 'அமெரிக்கக் கண்விழிப்பு' என்றே அதற்குப் பெயர். பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, விடியற்காலையில் அழுகை உண்டு. போகிறவர் உயிரோடுதான் போகிறார். ஆனால் பெற்றவர்களுக்கு மறுபடி அந்த முகம் காணக் கிடைக்காது என்று இரு தரப்புக்கும் தெரியும்.

1891ஆம் வருஷம் டிசம்பர் 20ஆம் தேதி அந்தத் துறையிலிருந்து 'நெவாடா' என்ற கப்பல் கிளம்பிற்று. அதில் ஆன்னி மூர் என்ற 17 வயதுப் பெண், இரண்டு தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். பெற்றோர் முன்னாலேயே நியூயார்க் போய்விட்டார்கள். 1892 ஜனவரி முதல் தேதி நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. அதன் வாசலில் நுழைந்த முதல் ஆள் ஆன்னி. அதிகாரி அவள் கையில் 10 டாலர் தங்க நாணயம் ஒன்றைக் கொடுத்தார். 1954இல் அந்த நிலையத்தை மூடுவதற்குள் அவளுக்குப் பின்னால் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அந்த வாசலைக் கடந்தார்கள்.

1912 ஏப்ரல் 11ஆம் தேதி அங்கே இன்னொரு கப்பல் வந்தது. அளவில் பெரியதாகையால் அது துறைக்குள் வராமல் வெளியே நங்கூரம் போட்டது. 123 பிரயாணிகளை இரண்டு சிறிய நீராவிப் படகுகளில் ஏற்றிக்கொண்டுபோய் அதில் சேர்த்தார்கள். ஒரு படகின் பெயர் 'அயர்லாந்து'. மற்றதன் பெயர் 'அமெரிக்கா'. கப்பலின் பெயர் 'டைட்டானிக்'. அது கடைசியாக நின்ற துறை அதுதான்.

அனுப்பிவைத்த குடா ஒரு தடவை திருப்பியும் வாங்கிக்கொண்டது. 1915 மே 7ஆம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று 'லூஸிட்டேனியா' கப்பலை அந்தக் கரைக்கு அருகில் மூழ்கடித்தது. சுமார் 1,200 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களையும் இறந்தவர்களையும் படகுகள் அந்தச் சிறிய ஊருக்குத்தான் கொண்டுவந்து சேர்த்தன. ஊரின் பழைய மயானத்தில் மூன்று பெருங்குழிகளில் அவர்களை அடக்கம் செய்தார்கள்.

1920இல் அயர்லாந்து சுதந்திரத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த நேரம். ஜூலை 2ஆம் தேதி ஊர்ச் சபை கூடி, ராணியின் பெயர் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. பழைய பெயரே திரும்ப வந்தது. ஆனால் ஐரிஷ் பாஷையின் எழுத்து முறையில். அந்த முறையில் 'பி'யும் 'எச்'சும் சேர்ந்தால் 'வ்' என்று ஒலிக்கும். ஆகவே இன்று அந்த ஊரின் பலகையைப் படிக்கும் வெளியூர்க்காரர் 'கோப்' என்பார். உள்ளூர்க்காரர் புன்னகை செய்து 'கோவ்' என்று திருத்துவார். ஆங்கிலச் சொல்லை ஐரிஷ் எழுத்தில் உடுத்திவிட்டார்கள். ஐரிஷ் பாஷையில் அந்தச் சொல்லுக்குத் தனியாக ஓர் அர்த்தமும் கிடையாது. அந்த ஊர் என்பதே அதன் அர்த்தம்.

அக்காள் கேட்ட கேள்வி

கதையை இந்த இடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்த அக்காள் விடவில்லை.

"ஏண்டா தம்பி, தங்கக் காசு வாங்கினாளே, அந்தப் பெண் அப்புறம் நன்றாக இருந்தாளா?"

யோசித்துப் பதில் சொல்லவேண்டியிருந்தது. நெடுநாள் வரையில், ஆன்னி மூர் டெக்ஸாஸ் பக்கம் போய் வாழ்ந்து, டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தாள் என்றே எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2006இல் வம்சாவளி ஆராய்கிற ஒருவர் ஏடுகளைத் துருவி, அது வேறு ஆன்னி மூர் என்று கண்டுபிடித்தார். நம்முடைய ஆன்னி நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை. ஏழைகள் நெருங்கி வாழும் பேட்டையிலேயே இருந்தாள். ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவரை மணந்துகொண்டாள். பதினொரு குழந்தைகள் பெற்று, பலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தாள். 1924இல் இறந்தாள். புதைத்த இடத்தில் பெயர் எழுதிய கல்கூட இல்லை. 2008இல்தான் கல் நாட்டினார்கள். அவள் புறப்பட்ட துறையில், இரண்டு தம்பிகளோடு அவள் நிற்கும் சிலை 1993 முதல் இருக்கிறது.

இதை அப்படியே சொன்னேன். அக்காள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அறை என்று சொன்னாயே, அதற்கு வாசல் ஒன்றுதானா?" என்று கேட்டாள்.

"ஒன்றுதான், அக்கா. வருகிறதும் அதன் வழியாகத்தான். போகிறதும் அதன் வழியாகத்தான். வாசலே இல்லாவிட்டால் அதைக் குடா என்று சொல்லமாட்டார்கள். குட்டை என்பார்கள்."

அவள் பதில் சொல்லாமல் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் பருப்புப்பொடி டப்பாவும் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியும் இருந்தன. மகளின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, துணிகளுக்கு நடுவில் அவற்றுக்கு இடம் செய்தாள்.

"அந்தப் பழைய புஸ்தகத்தையும் எடுத்துக்கொண்டு போ" என்றாள் மகளைப் பார்த்து. "லீவுக்கு வரும்போது திரும்பிக் கொண்டுவந்து வை. தாத்தா அலமாரியில் அது இருந்த இடம் காலியாகவே இருக்கட்டும்."